சென்னை – பலாலி விமானம்: இரண்டு சொட்டு மருந்துக்கு நடுவே 354 கிலோமீட்டர்

அப்பாவின் இடது கண்ணில் புரை எடுத்த எட்டாம் நாள், அவரைச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போன ஆவணி மாதம். டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விட வேண்டும். மீனம்பாக்கத்தில் காத்திருக்கும் இடத்தில் உட்கார வைத்துச் சரியாக ஒரு மணிக்கு ஒரு சொட்டு விட்டேன். அடுத்ததை விட்டது யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில், குடிவரவு வரிசைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில், மூன்றேகாலுக்கு. கால் மணி நேரம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். இரண்டு சொட்டுக்கு நடுவில் ஒரு கடலைத் தாண்டி ஊருக்கே வந்துவிட்டோம்.

இதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 பங்குனியில் வலது கண்ணுக்குச் செய்தபோதும் இதே அப்பா, இதே மாதிரிச் சொட்டு மருந்து, எங்கள் ஊரான உரும்பிராயில் இதே வீடு. அப்போது கொழும்பு வழியாகப் போனோம். அம்மாவும் கூட இருந்தார். வளசரவாக்கத்தில் என் வீட்டிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு உரும்பிராயில் இறங்கினோம். இருபத்தொன்றரை மணி நேரத்துக்கு மேல். இரவு பஸ்ஸில், எங்கோ நல்ல குலுக்கலான இடத்தில், அம்மா செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு அப்பாவின் இமையைப் பிரித்துச் சொட்டு விட்டார். பாதி கன்னத்தில் வழிந்தது. தூங்குகிற நேரத்தில் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் அந்தப் பஸ்ஸில் யார் தூங்கினார்கள்?

அந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டிடம் நேர் விமானம் உண்டா என்று நான் கேட்கத்தான் செய்தேன். "டைரக்ட் எல்லாம் கொரோனாவோட போச்சு மேடம்" என்றார். நம்பிவிட்டேன். உண்மையில் அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே, 2022 டிசம்பர் 12 அன்று, சென்னை – யாழ்ப்பாணம் விமானம் மறுபடி தொடங்கிவிட்டது. இது எனக்குத் தெரிய வந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். கொழும்பு டிக்கெட்டை விற்றால் அவருக்கு அதிகம் கிடைத்ததா, இல்லை அவருக்கே தெரியாதா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அறுவை செய்த கண்ணோடு ஒரு வயதானவரை இரவு முழுக்கப் பஸ்ஸில் கொண்டுபோன வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தச் சேவையைப் பற்றி, போக நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்று, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்பேன்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் சொல்லும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றில் சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் போட்டுப் பார்த்தேன். தூரம் 354 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 57 நிமிடம் என்று வந்தது. தூரம் சரியா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சென்னை விமான நிலையம் அட்சரேகை 12.99, பலாலி 9.79. வித்தியாசம் 3.2 பாகை. இந்தப் பகுதியில் ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட 110.6 கிலோமீட்டர். பெருக்கினால் 354 வந்துவிடுகிறது. தீர்க்கரேகையைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. கிழக்கு மேற்காகப் பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். அதாவது மீனம்பாக்கத்தில் நின்று தெற்கே ஒரு நூல் கட்டி இழுத்தால் அது போய் விழும் இடம் பலாலிதான். விமானிகள் கணக்கில் 191 கடல் மைல்.

அந்தக் காகிதத்திலேயே கொழும்பையும் போட்டேன். அப்போதுதான் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சென்னையிலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 643 கிலோமீட்டர். இரண்டுக்கும் நேர்கோடு போட்டால், அந்தக் கோடு யாழ்ப்பாண நகரத்துக்கு மேலேயே போகிறது, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கூட இல்லை. 2023இல் நாங்கள் எங்கள் ஊருக்கு மேலாகவே பறந்து, கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து நானூறுக்குக் கொஞ்சம் குறைவான கிலோமீட்டர் சாலையில் வடக்கே திரும்பி வந்திருக்கிறோம். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. 354க்குப் பதிலாக, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அன்றைக்கு விமானத்தில் ஜன்னலோரம் இருந்த அம்மா, கீழே தெரிந்த நீரேரியையும் தரையையும் காட்டி, "உது எங்கட பக்கம்தான் பிள்ளை. இங்கயே இறக்கி விடச் சொல்லேன்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. நான் அப்போது சும்மா இருங்கோ அம்மா என்று சொல்லிவிட்டேன். அம்மா சொன்னது சரி.

இப்போது நேரம். தூரத்தைச் சரியாகச் சொன்ன அதே தளம் நேரத்தைத் தவறான வழியில் கணக்கிடுகிறது. ஏன் என்று கணக்கைப் பின்னால் போட்டுப் பார்த்தால் பிடிபடும். இந்த மாதிரித் தளங்கள் எல்லா விமானத்தையும் ஜெட் என்றே நினைத்து, மணிக்கு 800 கிலோமீட்டர் வாக்கில் ஒரு வேகத்தை வைத்து வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. 354ஐ 800ஆல் வகுத்தால் 27 நிமிடம், அதோடு 30, மொத்தம் 57. இதே சூத்திரம் தில்லிக்கும் துபாய்க்கும் ஓரளவு பொருந்தும். பலாலிக்குப் போவது ஜெட் இல்லை. ஏடிஆர் 72 என்ற இரண்டு விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் மாதிரி. வேகம் குறைந்த விமானத்துக்குக் காற்றும் பெரிய விஷயம். நாற்பது கிலோமீட்டர் எதிர்க்காற்று ஜெட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏடிஆருக்கு அது நூற்றில் எட்டு பங்கு.

எங்கள் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருந்தது. டிக்கெட்டில் வரும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போய் நிற்பது வரைக்கும் உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். சக்கரம் தரையை விட்டது 2:08. பலாலியில் தரையைத் தொட்டது 3:04. ஐம்பத்தாறு நிமிடம். தளத்தின் விடைக்கு ஒரு நிமிடம்தான் வித்தியாசம், ஆனால் அது வழி தப்பி விடை பொருந்திய கணக்கு. பத்தாம் வகுப்பில் யாராவது இப்படி எழுதினால் முழு மதிப்பெண் போட மாட்டேன்.

வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு: காலை 10:20க்கு வளசரவாக்கத்தில் ஆட்டோ ஏறினோம், மாலை 4:20க்கு உரும்பிராய்ப் படலையைத் திறந்தோம். ஆறு மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை என்றால் மீதி ஐந்து எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பெரும்பகுதி மீனம்பாக்கத்தில்தான். பயணம் குட்டி என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். கடவுச்சீட்டு, குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை எல்லாம் லண்டன் போகிறவருக்கு இருக்கிற அதே வரிசைதான். மூன்று மணி நேரம் முன்னால் போங்கள், ஒரு மணி நேர விமானம்தானே என்று நினைக்காதீர்கள். இன்னொரு நல்ல விஷயம், இரண்டு ஊருக்கும் மணி ஒன்றே. இலங்கை 2006இல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டதால் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. மருந்துக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு நிம்மதி.

விமானத்தைப் பற்றி. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஏடிஆர் மிகவும் வசதி. இதை அழுத்திச் சொல்கிறேன். பஸ்ஸில் கொண்டுபோய்ப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள், ஏறுவது பின்பக்கக் கதவால், படிகள் கொஞ்சம்தான், உயரமும் இல்லை. பெரிய விமானத்துக்கு வைக்கும் ஏணியில் அப்பாவின் முழங்கால் படும் பாடு எனக்குத் தெரியும். இதில் கைப்பிடியைப் பிடித்து அவராகவே ஏறிவிட்டார். பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான், நடுவில் மாட்டிக்கொள்ளும் இருக்கை என்று ஒன்று கிடையாது. சத்தம் உண்டு. விசிறிகள் முன்பாதியில் இருக்கின்றன, அதனால் முன் வரிசைகளில் இரைச்சலும் அதிர்வும் அதிகம். பின்னால் இடம் கேட்டு வாங்குங்கள். கதவும் பின்னால்தான் என்பதால் இறங்கும்போதும் முதலில் இறங்கலாம்.

இறக்கை இந்த விமானத்தில் தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் பின் வரிசையில் ஜன்னலுக்குக் கீழே மறைப்பு ஒன்றும் இல்லை. உயரமும் குறைவு. ஜெட் முப்பத்தைந்தாயிரம் அடியில் போகும், ஏடிஆர் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போகாது. எங்கள் பயணத்தில் அதைவிடவும் கீழேதான் பறந்த மாதிரி இருந்தது, மீன்பிடிப் படகுகள் போட்ட வெள்ளைக் கோடுகூடத் தெரிந்தது. சென்னையிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். கல்பாக்கம் தாண்டினதும் விமானம் கடலுக்கு மேல் போய்விடும், கரை உங்கள் வலது கைப்பக்கம் கூடவே வந்துகொண்டிருக்கும். புதுச்சேரி, கடலூர், அப்புறம் காவிரி கடலில் சேரும் பக்கம்.

அப்பாவுக்கு டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. அதை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார். கண்ணாடியை இறக்குங்கோ அப்பா என்று இரண்டு முறை சொன்னேன், கேட்கவில்லை. ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார். புதுக் கண்ணில் கடல் நல்ல நீலமாகத் தெரிகிறதாம், இரண்டு வருடத்துக்கு முந்தைய கண்ணில் கொஞ்சம் மங்கலாம். கரை சட்டென்று மேற்கே வளைந்து ஓடுகிற இடம் வந்தது. "உது கோடிக்கரை" என்றார். நான் செல்போனில் வரைபடத்தைப் பார்த்தேன், கோடிக்கரையேதான். "வல்வெட்டித்துறைச் சனம் அந்தக் காலத்திலை பின்னேரம் வள்ளத்திலை வெளிக்கிட்டு உங்காலை வந்து படம் பார்த்திட்டுப் போறவை. எங்களுக்கு இது பக்கத்து ஊர் பிள்ளை." கோடிக்கரையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான் வரும். விமானத்துக்கு ஆறேழு நிமிடம். கரை மறைந்து கடல் மட்டும் தெரிந்தது கொஞ்ச நேரமே. உடனே காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் தெரிந்தது, அப்புறம் பனை, செம்மண், பாத்தி பாத்தியாகத் தோட்டம். எங்களுக்குக் கொடுத்த தண்ணீர்ப் போத்தலைப் பாதிகூடக் குடித்து முடிக்கவில்லை.

பலாலி விமான நிலையம் சின்னது. பெரிய நிலையத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம், ஆனால் அந்தச் சிறுமை எங்களுக்கு உதவிதான் செய்தது. விமானத்திலிருந்து கட்டடத்துக்கு நடையே கொஞ்ச தூரம். ஏடிஆர் நிறையக் கொண்டுவந்தால் எழுபது எண்பது பேர், அதனால் வரிசையும் அவ்வளவுதான். குடிவரவில் இருந்தவர் தமிழில் பேசினார். அப்பா கண்ணாடியோடு நிற்பதைப் பார்த்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், நான் மேலே சொன்ன சொட்டு அங்கேதான் விட்டது. நகரம் பதினாறு கிலோமீட்டர் தூரம். எங்கள் உரும்பிராய் அதற்கு நடுவில், பலாலி வீதியிலேயே. அண்ணா வண்டி கொண்டு வந்திருந்தார்.

இந்த ஓடுபாதைக்கு ஒரு நீண்ட கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து சென்னைக்கு அனுப்பியபோது, அது இங்கே இறங்கித்தான் போனது. அதாவது இந்த வழி புதிதல்ல, ஏர் சிலோனின் முதல் விமான வழியே இதுதான். அப்புறம் போர், இராணுவம், நாற்பது வருட இடைவெளி. 2019 அக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மாதம் 11ஆம் தேதி அலையன்ஸ் ஏர் வழக்கமான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ சென்னையிலிருந்து தினமும் தொடங்கியது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும். திருச்சி – பலாலி இன்னும் கிட்ட, 185 கிலோமீட்டர் மாதிரி. தஞ்சாவூர், மதுரைப் பக்கத்து ஆட்கள் சென்னைக்கு வந்து ஏற வேண்டியதே இல்லை.

கப்பலும் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை, 60 கடல் மைல், நான்கு மணி நேரம். நான் அதில் போனதில்லை. சென்னையில் இருக்கிறவர்கள் நாகைக்கே ஓர் இரவு பயணம் செய்ய வேண்டும் என்பதால், கண் அறுவை செய்தவரை வைத்துக்கொண்டு அந்த யோசனைக்கே நான் போகவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை பெட்டி. சிறிய விமானம், அதனால் எடை விஷயத்தில் கண்டிப்பு. ஊருக்குப் போகிற யாழ்ப்பாணத்தாருக்கு எடை எப்போதும் தகராறுதான். புடவை, சில்வர் பாத்திரம், மருந்து என்று எதையும் விட்டுவிட்டுப் போக மனம் வராது. வீட்டில் தராசில் வைத்து மூன்று முறை பிரித்து அடுக்கினேன், கடைசியில் இட்லிப் பானை சென்னையிலேயே நின்றுவிட்டது. தலைக்கு மேல் இருக்கும் தட்டும் சின்னது. உருட்டிக்கொண்டு வரும் பை பெரிதாக இருந்தால் கதவிலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். ஆகவே மருந்து, கண்ணாடி, கடவுச்சீட்டு எல்லாம் ஒரு தோள்பையில் தனியாக இருக்கட்டும்.

இரண்டாவது, நாங்கள் போன சமயத்தில் இரவிலோ காலையிலோ போக இதில் வழி இல்லை. எங்களுக்குக் கிடைத்தது மத்தியான நேரம் ஒன்றுதான். யாருக்காவது ஒரு மரண வீடு, அவசரம் என்றால் அந்த ஒரு நேரத்துக்குத் தவம் கிடக்க வேண்டும். கொழும்புக்கு ஒரு நாளில் எத்தனையோ விமானம். பலாலிக்கும் காலையில் ஒன்று கிடைத்தால் வைத்தியத்துக்கு வருகிற எத்தனை பேருக்கு ஒரு நாள் மிச்சமாகும்! சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருந்தபோது எங்கள் வரிசையில் மட்டும் இரண்டு குடும்பம் யாழ்ப்பாணத்தார். அதில் ஒரு அம்மா இந்த முறையும் கொழும்பு வழியாகத்தான் வந்திருந்தார். நேர் விமானம் இருக்கு என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அவருடைய மகனின் செல்போனில் நான்தான் தேடிக் காட்டினேன்.

மூன்றாவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இரண்டு கரையையும் ஒன்றாகத்தான் அடிக்கும். அந்த உயரத்தில் போகும் சிறிய விமானம் குலுங்கும், நேரமும் தள்ளிப்போகலாம். கட்டாயம் இல்லாதவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. நாங்கள் போன ஆவணியில் தென்மேற்குக் காற்று சாய்வாக எதிரே அடித்தும், இரண்டு குலுக்கலோடு சரி.

கட்டணத்தைக் கொழும்பு டிக்கெட்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் சில நாட்களில் இது கூடுதலாகத் தெரியும். கொழும்பிலிருந்து பஸ் அல்லது ரயில், நடுவில் சாப்பாடு, இடம் கிடைக்காவிட்டால் ஓர் இரவு அறை, இதையெல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். நான் கூட்டிப் பார்த்தேன், எங்கள் மூன்று பேருக்கு 2023இல் ஆன செலவு இதைவிட அதிகம்.

படலையைத் திறந்ததும் அம்மா திண்ணையில் இருந்து எழும்பி வந்தார். 2023க்குப் பிறகு, "இனி என்னைக் கூப்பிடாதை, உன்ர சென்னைக்கு நான் வரமாட்டன்" என்று முடிவாகச் சொல்லியிருந்தவர். அப்பாவின் கண்ணைக்கூட முதலில் பார்க்கவில்லை. "எத்தினை மணிக்கு வீட்டிலை இருந்து வெளிக்கிட்டனியள்?" என்று கேட்டார். பத்து இருபதுக்கு என்றேன். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், விரலில் எண்ணினார். "பத்து இருபது இரவோ?" என்றார். இல்லையம்மா, இண்டைக்குக் காலமை என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோடிக்கரையைப் பார்த்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அம்மா புட்டுக் குழலைக் கையில் பிடித்தபடி நின்று முழுக்கக் கேட்டார்.

தை மாதம் பொங்கல் முடிந்து வருகிறேன் என்று போன வாரம் அவராகவே போனில் சொன்னார். டிக்கெட் போட்டுவிட்டேன். வடக்கே வரும்போது கரை இடது கைப்பக்கம் இருக்கும், அதனால் பின் வரிசையில் இடப்பக்க ஜன்னல்.